பச்சைச் சுவர்: எது ஃப்ரெஸ்கோ, எது ஃப்ரெஸ்கோ இல்லை

ஓவியங்களை நான் முதலில் பார்த்தது சுவரில் அல்ல, புத்தகத்தில். பழைய புத்தகக் கடைகளில் அட்டை கழன்ற கலை வரலாற்று நூல்களைத் தேடி வாங்குவது பல வருடப் பழக்கம். படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பை முதலில் படித்துவிட்டு, அதற்குப் பிறகே படத்தைப் பார்க்கிற ஆள் நான். வாசகர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு.

அந்த வியாதியால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அஜந்தா படத்தின் கீழே 'ஃப்ரெஸ்கோ' என்று போட்டிருந்தது. லியொனார்டோ டா வின்சியின் 'கடைசி இராவுணவு' கீழேயும் அதுவே. வாடிகனில் மைக்கலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரை, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனை, தஞ்சைப் பெரிய கோயில் எல்லாவற்றுக்கும் அதே சொல். இந்த ஐந்தில் மூன்று தப்பு.

சுவரில் வரைந்தது எல்லாம் ஃப்ரெஸ்கோ என்று நினைத்துக்கொண்டுதான் நானும் பல காலம் இருந்தேன். அச்சடித்த எல்லாவற்றையும் நாவல் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பஞ்சாங்கமும் நாவல், சமையல் குறிப்பும் நாவல் என்றால் நமக்குக் காது கூசும் இல்லையா? அப்படித்தான் இதுவும். சுவரில் வரைந்த எதற்கும் பொதுப்பெயர் சுவரோவியம். அதில் ஒரு வகைக்கு மட்டும், அதுவும் மிகக் கறாரான ஒரு வகைக்கு மட்டும், ஃப்ரெஸ்கோ என்று பெயர். அந்தக் கறார் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் புத்தகத்தில் இருக்கும் படமே வேறு மாதிரி தெரியும்.

சொல்லிலேயே பாதி விடை

ஃப்ரெஸ்கோ இத்தாலியச் சொல். புதியது, ஈரம் உலராதது என்று பொருள். தமிழில் இதற்கு ஒரு சொல் கையிலேயே இருக்கிறது: பச்சை. பச்சை மண், பச்சைக் களிமண் என்று சொல்கிறோமே, நிறத்தைச் சொல்லவில்லை. காயவில்லை, சுடவில்லை என்று சொல்கிறோம். அந்தப் பொருளில் ஃப்ரெஸ்கோ என்பது பச்சைச் சுவர் ஓவியம். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தை அதன் மேல் தீட்டுவது. பூச்சு காய்ந்த பிறகு தீட்டினால் அது ஃப்ரெஸ்கோ இல்லை. வரையறை இவ்வளவுதான்.

தெருவில் புதிதாகச் சிமென்ட் போட்ட அன்று நாய் ஒன்று அதன் மேல் நடந்து போயிருக்கும். அந்தக் கால் தடம் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது. மறுநாள் அதே நாய் சேற்றுக் காலோடு நடந்தால் அந்தத் தடம் ஒரு மழைக்கு மேல் தாங்காது. முதல் நாள் தடம் தரையின் உள்ளே இருக்கிறது, இரண்டாம் நாள் தடம் தரையின் மேலே ஒட்டியிருக்கிறது. சுவரோவியங்களுக்குள் இருக்கும் பெரிய பிரிவு இந்த உள்ளே, மேலே என்பதுதான்.

ஆனால் இந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. நாய் தரையை அழுத்திப் பள்ளமாக்கியது. ஓவியர் அழுத்துவதில்லை, லேசாகத் தூரிகையால் தடவுகிறார். பசையும் இல்லை, எண்ணெயும் இல்லை. பிறகு நிறம் எப்படி உள்ளே போய் உட்கார்கிறது?

பாட்டியின் சுண்ணாம்பு டப்பா

வெற்றிலை போடுகிற பாட்டி இருந்த வீடுகளில் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து போட்டால் திட்டு விழும். "மூடி வைக்கத் தெரியாதா, இறுகிப் போயிடும்ல?" இறுகிய சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே படிந்த ஆடை கரையவே கரையாது. சுரண்டி எறிய வேண்டியதுதான். அது வெறுமனே காய்ந்திருந்தால் தண்ணீர் விட்டதும் பழையபடி குழைந்திருக்கும். அது கல்லாகியிருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். கல்லில் அடைந்து கிடந்த கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து, கொதித்து, நீறிப் போய் வெண்ணெய் மாதிரி ஆகும். சுவரில் பூசுவதும் வெற்றிலையில் தடவுவதும் இந்த நீற்றிய சுண்ணாம்புதான். காற்றுப் பட்டால் இது தான் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கும். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை உள்ளிழுத்து, மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதியபோது பால் போல் வெளுத்ததே, அதுவும் இந்த மாற்றம்தான். அங்கே கொடுத்தது நம் மூச்சு, இங்கே கொடுப்பது ஊர்க் காற்று.

இப்போது சுவருக்கு வருவோம். மணலும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த மெல்லிய பூச்சு ஈரமாக இருக்கிறது. அதன் மேல் காவியையோ கரியையோ தண்ணீரில் குழைத்து ஓவியர் தீட்டுகிறார். பூச்சிலிருக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் மேலே கசிந்து வந்து நிறத் துகள்களைச் சூழ்ந்துகொள்கிறது. காற்றுப் பட்டு அது கல்லாகும்போது துகள்களும் உள்ளேயே சிறைப்படுகின்றன. நிறத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கல் படலம் மூடிவிடுகிறது. பசை தேவைப்படாததன் காரணம் இதுதான். சுவரே பசையாக இருக்கிறது.

பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காவிப் பட்டை போட்ட சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் காவியாகும். அந்தக் காவி காய்ந்த சுவரின் மேல் போட்டது. அதே காவியை ஈரச் சுண்ணாம்பின் மேல் போட்டிருந்தால் சட்டை பிழைத்திருக்கும்.

ஆக, பூச்சு காய்வதற்குள் தீட்ட வேண்டும். காற்று அதைக் கல்லாக்கும். நிறம் கல்லுக்குள் தங்கும். இனி வருவதெல்லாம் அந்தக் 'காய்வதற்குள்' என்ற ஒரு சொல்லால் வந்த வினை.

ஒரு நாளைக்கு எவ்வளவு சுவர்?

காலையில் பூசிய பூச்சு சாயங்காலத்துக்கு மேல் நிறத்தை வாங்காது. அதனால் முழுச் சுவரையும் ஒரேயடியாகப் பூச முடியாது. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் பூச வேண்டும். வரைந்து முடித்ததும், மிஞ்சிய பூச்சை விளிம்பில் வெட்டி எறிந்துவிட்டு மறுநாள் அதை ஒட்டிப் புதிதாகப் பூச வேண்டும். இந்த ஒரு நாள் துண்டுக்கு இத்தாலியில் ஜொர்னாட்டா என்று பெயர். நம் கொத்தனார்கள் சொல்லும் 'ஒரு நாள் வேலை'தான்.

வானம் என்றால் ஒரு நாளில் பெரிய பரப்பை முடிக்கலாம். முகம் என்றால் அந்த ஒரு முகத்துக்கே ஒரு நாள் போய்விடும். சிஸ்டைன் கூரையில் கடவுளின் விரலை நோக்கிக் கை நீட்டிப் படுத்திருக்கும் ஆதாமின் உருவம் நான்கு நாள் வேலை. 1508 முதல் 1512 வரை நடந்த மொத்தக் கூரையும் இப்படித் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டதுதான். (மைக்கலாஞ்சலோ மல்லாந்து படுத்து வரைந்தார் என்பது கட்டுக்கதை. நின்றுகொண்டு தலையை அண்ணாந்து வரைந்தார். அந்தக் கழுத்து வலியை அவரே ஒரு கவிதையில் புலம்பி, பக்கத்தில் தன்னைக் கேலிச் சித்திரமாகவும் போட்டு வைத்திருக்கிறார்.) இத்தாலியின் பதுவா நகரில் ஓவியர் ஜியோட்டோ 1305 வாக்கில் முடித்த ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்தில் இப்படிச் சுமார் 850 துண்டுகளை எண்ணியிருக்கிறார்கள்.

எண்ண முடிகிறது என்பதுதான் என் போன்ற புத்தகப் புழுவுக்குக் கொண்டாட்டம். இன்றைய பூச்சின் விளிம்பு நேற்றைய பூச்சின் மேல் லேசாக ஏறி நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த வரப்பு தெரியும். எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் எது முதல் நாள், எது மறுநாள் என்று சொல்லிவிடலாம். ஓவியத்துக்குப் பக்க எண் கிடைத்த மாதிரி.

பின்னால் வந்து உட்கார்ந்த ஆள்

இதற்கு நான் அறிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு வாடிகனில் ரஃபாயெல் வரைந்த 'ஏதென்ஸ் பள்ளி'. 1509-க்கும் 1511-க்கும் இடையில் வரைந்தது. பிளாட்டோவும் அரிஸ்டாட்டிலும் நடுவில் பேசியபடி நடந்து வர, சுற்றிலும் கிரேக்க அறிஞர் கூட்டம். முன்பக்கப் படிக்கட்டில், ஒரு கல் மேடையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, முரட்டு பூட்ஸோடு ஒருவர் தனியாக எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹெராக்ளிட்டஸ் என்று பெயர் சொல்கிறார்கள். படத்தில் எல்லோரும் எல்லோரோடும் பேசுகிறார்கள், இவர் யாரோடும் பேசவில்லை.

ஈரப் பூச்சு காயும் அவசரத்தில் யோசித்து யோசித்து வரைய முடியாது. அதனால் ஓவியர்கள் சுவர் அளவுக்கே தாளில் முன்கூட்டி வரைந்து வைத்துக்கொண்டு, கோடுகளைச் சுவருக்கு மாற்றுவார்கள். தடித்த தாளுக்கு இத்தாலியில் கார்த்தோனே. இன்று நாம் சொல்லும் கார்ட்டூன் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். ரஃபாயெலின் அந்த முழு அளவு மாதிரி பிழைத்து, மிலான் நகரின் அம்ப்ரோசியானா காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதில் ஹெராக்ளிட்டஸ் இல்லை! அவர் உட்கார்ந்திருக்கும் படிக்கட்டு காலியாகக் கிடக்கிறது.

சுவரைச் சோதித்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்த உருவம் இருக்கும் பூச்சு பின்னால் சேர்த்தது. முடிந்துபோன படத்தில் காய்ந்து கல்லாகிவிட்ட ஒரு பகுதியைக் கொத்தி எடுத்து, புதுப் பூச்சுப் பூசி, இவரை உட்கார வைத்திருக்கிறார் ரஃபாயெல். 1511-இல் பக்கத்துச் சிற்றாலயத்தில் சிஸ்டைன் கூரையின் முதல் பகுதியைத் திறந்து காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து மைக்கலாஞ்சலோவையே இப்படி வரைந்தார் என்று பலர் கருதுகிறார்கள். முகச்சாயல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் பின்னால் வந்து சேர்ந்த ஆள் என்பதில் சந்தேகமே இல்லை, அதைச் சுண்ணாம்பே காட்டிக்கொடுக்கிறது.

ஈரச் சுவரில் தவறு செய்தால் இதுதான் வழி. அழிக்க முடியாது, கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் எழுதுகிறவரின் நிலைமை.

சுண்ணாம்புக்கு ஆகாத நிறங்கள்

சுண்ணாம்பின் காரம் நாக்கைப் புண்ணாக்கிவிடும் என்று வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரியும். நிறங்களையும் அது கெடுக்கும். காவி, மஞ்சள் மண், பச்சை நிற மண், கரி போன்றவை தாங்கும். பல நிறங்கள் தாங்காது. ஃப்ரெஸ்கோக்களில் மண் வாசனையுள்ள நிறங்களே அதிகம் தெரிவதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை.

ஈய வெள்ளை என்றொரு நிறம் உண்டு. மரப்பலகையில் எண்ணெயோடு அழகாக இருக்கும். சுவரில் அதை நம்பியவர்கள் கெட்டார்கள். அசிசி நகரின் மேல் பேராலயத்தில் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிமாபூவே வரைந்த சிலுவைக் காட்சியில் ஈய வெள்ளை கறுத்துப் போய்விட்டது. வெளிச்சமாக இருக்க வேண்டிய முகமும் உடையும் இருட்டாகி, பழைய ஃபிலிம் நெகட்டிவைப் பார்ப்பது போல இருக்கிறது. புத்தகத்தில் முதன்முறை பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

அசுரைட் என்ற நீலமும் இப்படித்தான், ஈரச் சுவருக்கு ஆகாது. ஆனால் இயேசுவின் தாய் மரியாவின் உடைக்கு நீலம் வேண்டும். அதனால் மற்றதையெல்லாம் ஈரத்தில் வரைந்துவிட்டு, நீலத்தை மட்டும் சுவர் காய்ந்த பிறகு முட்டை அல்லது கோந்து போன்ற பிணைப்பான் சேர்த்துத் தீட்டுவார்கள். பிணைப்பான் என்றால் நிறத் துகளைச் சுவரோடு ஒட்ட வைக்கும் பசை. காய்ந்த சுவரில் இப்படித் தீட்டுவது செக்கோ. இத்தாலியில் செக்கோ என்றால் உலர்ந்தது. பதுவாவில் மரியாவின் நீலம் பல இடங்களில் உதிர்ந்து போனதும், பக்கத்தில் இருக்கும் முகம் அப்படியே இருப்பதும் இதனால்தான். ஒரே ஆளின் கை, ஒரே சுவர், முகம் உள்ளே இருக்கிறது, உடை மேலே இருக்கிறது.

அவசரம் பிடிக்காத லியொனார்டோ

லியொனார்டோவுக்கு ஈரச் சுவர் ஒத்துவராது. மிலானில் 'கடைசி இராவுணவு' வரைந்த நாட்களில் (1495 முதல் 1498 வாக்கில்) அவரைச் சிறுவனாகப் பார்த்த எழுத்தாளர் மத்தேயோ பந்தெல்லோ பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்: சில நாள் விடியலில் ஏறினால் பொழுது சாயும்வரை சாப்பிடாமல் வரைவாராம். சில நாள் மணிக்கணக்கில் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாராம், தூரிகையைத் தொடவே மாட்டாராம். திடீரென்று நடு மத்தியானத்தில் வந்து இரண்டு தீற்றல் தீற்றிவிட்டு இறங்கிப் போய்விடுவாராம். இப்படிப்பட்டவருக்கு, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் பூச்சைக் கொடுத்து என்ன செய்வது?

அவர் காய்ந்த சுவரில், பலகையில் வரைவது போல, பிணைப்பான் சேர்த்து நிதானமாக வரைந்தார். அவர் தேடிய நுணுக்கங்கள் கிடைத்தன. ஆனால் சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கிவிட்டது. கடைசியாக நடந்த பெரிய மறுசீரமைப்பு 1999-இல்தான் முடிந்தது, இருபது வருடத்துக்கும் மேல் ஆன வேலை. உலகத்தில் மிக அதிகமாக 'ஃப்ரெஸ்கோ' என்று தவறாகச் சொல்லப்படும் படம் இதுதான் என்பது என் கணிப்பு. ஃப்ரெஸ்கோவாக இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

அஜந்தா

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஃப்ரெஸ்கோ உயர்ந்தது, மற்றதெல்லாம் மட்டம் என்று யாராவது முடிவு கட்டினால் அவர்களை அஜந்தாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பாறைக் குகைச் சுவரில் மண்ணோடு உமியும் நாரும் கலந்து அப்பியிருக்கிறார்கள். அதன் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அது காய்ந்த பிறகே, பசை சேர்த்த நிறங்கள். பச்சைச் சுவர் இல்லை, ஒரு நாள் துண்டுகளும் இல்லை. ஆனாலும் 5-ஆம் நூற்றாண்டின் முகங்கள் இன்னும் இருக்கின்றன. குகையின் நிழலும், பல நூற்றாண்டுகள் ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்ததும் கைகொடுத்தன. 1920-களில் அன்றைய நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து வரவழைத்த நிபுணர்கள் பாதுகாப்புக்காக அரக்கு வார்னிஷ் பூசினார்கள், அது பின்னாளில் மஞ்சளித்து, படத்தை மறைக்கிற தொல்லையாகிவிட்டது.

மட்டாஞ்சேரி உள்ளிட்ட கேரளச் சுவரோவிய மரபும் காய்ந்த பூச்சின் மேல் தீட்டுவதுதான். அதைச் செக்கோ என்ற பெட்டியில் போட்டால் பிழையில்லை.

ஈரச் சுவர் இத்தாலியோடு முடிந்துவிடவும் இல்லை. சாந்திநிகேதனில் இந்தி பவனின் சுவர்களில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946-47-இல் வரைந்த இடைக்காலப் பக்தர்களின் ஓவியம் பச்சைச் சுவரில் வரைந்தது. அவர் ஒரு கண்ணில் பார்வையே இல்லாமல், மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வையோடு பிறந்தவர். முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாதவர். அவர் ரஃபாயெல் மாதிரி முழு அளவுத் தாளை ஒட்டிக் கோடு மாற்றாமல், நேரடியாகச் சுவரிலேயே துண்டு துண்டாக வரைந்து போனார். பத்து வருடத்தில் மிஞ்சியிருந்த பார்வையும் போய்விட்டது.

தஞ்சாவூரில் இரண்டு அடுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைகளில் விற்கும் தங்கத் தகடும் கல்லும் பதித்த 'தஞ்சாவூர் ஓவியம்' மரப்பலகையில் செய்வது. இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை.

1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிப் போகும் இருட்டான உள் பாதையில் சுவரோவியங்கள் உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி அங்கே பார்த்தபோது மேலாகத் தெரிந்தவை நாயக்கர் காலத்துப் படங்கள். அவை பெயர்ந்திருந்த இடங்களில் உள்ளேயிருந்து வேறு கோடுகள் எட்டிப் பார்த்தன. அவை சோழர் காலத்தவை. சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் கூடப் போகிறார். பிற்பாடு தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கைக் கிழியாமல் தனியே பிரித்துப் பலகைகளில் ஏற்றினார்கள்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் இரண்டு அடுக்குகளையும் ஆராய்ந்தார். சோழர் படத்தில் பசை ஏதும் தென்படவில்லை, நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பே. அதாவது ஈரப் பூச்சில் வரைந்தது என்ற முடிவுக்கு வந்தார். நாயக்கர் படம் அப்படி இல்லை, காய்ந்த பூச்சில் பசை சேர்த்துத் தீட்டியது. ஒரே சுவர்தான். கீழே இருப்பது சுவருக்கு உள்ளே, மேலே இருந்தது சுவருக்கு மேலே.

அந்த உள் பாதைக்குள் சாதாரணமாக நம்மை விடுவதில்லை. நம் மூச்சில் இருக்கும் ஈரமே அந்த இடத்துக்குக் கேடு என்பதால் எனக்கு இதில் புகார் இல்லை. கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் புகைப்படங்களைப் பார்க்கலாம். மற்றபடி புத்தகம்தான் கதி. என்னிடம் இருக்கும் புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படங்கள், இரண்டின் கீழேயும் 'ஃப்ரெஸ்கோ, தஞ்சாவூர்'. இடது பக்கம் நாயக்கர் படம், அங்கே அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு 'காய்ந்த சுவர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வலது பக்கத்தில் வெள்ளை யானை. அங்கே பென்சிலுக்கு வேலையில்லை.